மூலையில் ஒரு வட்டம்

எங்கள் ஊரான சோழபுரத்தில் திசை தெரியாமல் யாரும் நிற்பதில்லை. ஏறிட்டுப் பார்த்தால் மேற்கே மலை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போனால் 11 நிலை ராஜகோபுரம் தூரத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.

வீடியோ கேமில் திசை காட்டும் அந்த வேலையைப் பார்ப்பது திரையின் மூலையில் கிடக்கும் மினி மேப். 1980இல் நாம்கோ வெளியிட்ட 'ராலி-எக்ஸ்' கார் விளையாட்டிலேயே அது ரேடாராக வந்துவிட்டது. 2004இன் 'ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ்' அதைக் கீழே இடது மூலையில் சின்ன வட்டமாக வைத்தது. நாம் திரும்பினால் அதுவும் கூடவே திரும்பும். போக வேண்டிய இடம் வெறும் புள்ளிதான். தெருவை நாமே தேடிக்கொள்ள வேண்டும். முட்டுச்சந்தில் மாட்டி, சுற்றிச் சுற்றியே ஊர் மனப்பாடமாகிவிடும்.

2008இல் 'ஜிடிஏ 4' வழியையே கோடு போட்டுக் கொடுத்தது. வசதிதான். ஆனால் கண் அந்தக் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டது. அவ்வளவு அழகாகக் கட்டிய நகரம் ஓரமாய் ஓடி மறைந்தது.

'பிஜிஎம்ஐ' என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் மினி மேப் இன்னும் கெட்டிக்காரத்தனமானது. எதிரியின் காலடியும் துப்பாக்கிச் சத்தமும் மேப்பில் குறியாக விழும். காது பார்க்க வேண்டிய வேலையைக் கண் பார்க்கிறது.

2020இல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' மினி மேப்பையே எடுத்துவிட்டுக் காற்றை வைத்தது. புல் சாயும் பக்கம் நடந்தால் போதும். எனக்கு எங்கள் ஊர் மலைதான் ஞாபகம் வந்தது. அதுவும் வழி சொல்லும். ஆனால் தலை குனிய வைக்காது.