உப்பில்லாத அரசவைகள்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறியதிலிருந்து நாயக்கர் அரசவையைப் பற்றிப் பேச ஆட்கள் பெருகிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் கூட்டத்துக்குக் கூட்டம் ஒரே வாய்ப்பாடு ஒப்பிக்கப்படுகிறது. நாயக்கர் அரசவை ஒரு நாடக மேடையாம். அரசன் அதில் போகத்தின் திருவுருவாம். கணக்கு, கஜானா, களஞ்சியம் எல்லாம் பின்திரையில் மங்கலாகத் தெரிபவையாம். கூடவே ‘நம்ம ஊர் வெர்சாய்’ என்று ஓர் அடைமொழி. முப்பது ஆண்டுகளுக்கு முன் இது துணிச்சலான கருத்து. இன்று சோம்பேறிகளின் சாய்வு நாற்காலி.

மரக்காணத்தில் நின்று பார்ப்பவனுக்கு இந்த வாய்ப்பாடு இன்னும் விசித்திரமாகப் படும். ஒரு பக்கம் கழுவேலி, வடக்கே கடப்பாக்கத்தை ஒட்டி ஆலம்பரைக் கோட்டை, இடையே கண்ணுக்கெட்டிய தூரம் உப்பளம். மேற்கே திண்டிவனம் வழியாக மாட்டுவண்டி கட்டினால் செஞ்சி. ஓர் அரசவை எதைத் தின்றது, யாரிடம் வாங்கியது, எதை விற்று உயிர் வைத்திருந்தது என்று கேட்க இதைவிடத் தோதான கடற்கரை தமிழ்நாட்டில் இல்லை. நம் ஆய்வுலகம் அந்தக் கேள்வியைக் கேட்காமலே காலம் தள்ளுகிறது.

பழங்கதையை வேகமாகத் தாண்டிவிடலாம். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடிய சிறுபாணாற்றுப்படையை வள்ளல் புகழாகவே படித்துப் பழகிவிட்டோம். பாணன் அவனிடம் போகும் வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். அது மரக்காணம்தான் என்பது அறிஞர் பலரின் துணிபு. அங்கே பரதவர் வீட்டில் தேறலும் உலர்ந்த குழல்மீன் சூடும் கிடைக்கின்றன. அரண்மனையில் வீமன் வகுத்த மடைநூல் வழுவாத அடிசில். பாண்டியனின் கொற்கையைச் சொல்ல வருமிடத்திலும் நத்தத்தனார் உமணரின் உப்பு வண்டியோடு வந்த மந்தியைத்தான் கண்முன் நிறுத்துகிறார். உப்பு வண்டியிலிருந்து அரசன் இலை வரை போகும் பாதை முழுக்கப் புலவருக்குத் தெரிந்திருந்தது. உரையாசிரியர்களுக்குப் பின் வந்தவர்கள் இலையோடு நின்றுவிட்டார்கள். சோழர் காலத்துக்கு வந்தால் கல்வெட்டுகளில் உப்பளம் ‘அளம்’, பெரியது ‘பேரளம்’. அதற்கு அரசன் பெயரையே சூட்டியதும் உண்டு. மரக்காணத்துப் பூமீஸ்வரர் கோயில் சுவரிலும் சோழர் எழுத்து இருக்கிறது. உப்பளத்துக்குத் தன் பெயரை வைத்துக்கொண்ட அரசனுக்கு, வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதில் கூச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. கூச்சமெல்லாம் நமக்குத்தான்.

நாயக்கர் ஆய்வின் முதல் தலைமுறையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். மதுரைக்குச் சத்தியநாத ஐயர் (1924), தஞ்சைக்கு விருத்தகிரீசன் (1942), செஞ்சிக்கு சி.எஸ். சீனிவாசாச்சாரி (1943). மூன்றும் அசுர உழைப்பு. மூன்றிலும் அரசன் பட்டமேறுகிறான், போரிடுகிறான், கோயில் கட்டுகிறான், சாகிறான். அரண்மனையில் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை.

திருப்பம் 1980களின் இறுதியில் வந்தது. நிக்கலஸ் டர்க்ஸ் புதுக்கோட்டையை வைத்து எழுதிய நூல் (1987) அரசனின் கொடைகளையும் விருதுகளையும் அரசியலாகப் படிக்கக் கற்றுக்கொடுத்தது. 1992இல் வேல்சேரு நாராயண ராவ், டேவிட் ஷுல்மன், சஞ்சய் சுப்ரமணியம் மூவரும் சேர்ந்து எழுதிய நாயக்கர் அரசவை நூல் களத்தையே புரட்டிப்போட்டது. தஞ்சை விஜயராகவ நாயக்கர் தன் தந்தை ரகுநாதரின் ஒரு நாள் வாழ்க்கையைத் தெலுங்கில் எழுதியதையும், அரண்மனைப் பெண் ரங்காஜம்மாவின் படைப்புகளையும் அரசியல் ஆவணமாக அவர்கள் வாசித்த விதம் இன்றும் பிரமிப்பூட்டுவது. அந்த நூலில் வணிகத்தையும் போரையும் பற்றிய கனமான அத்தியாயங்களும் உண்டு. நம்மவர்கள் அவற்றைத் தொடவில்லை. போகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள். அன்னதானத்தைப் பற்றிப் பேசும்போதும் சோறு ஒரு குறியீடாகவே இருக்கிறது. நெல் எந்தக் களஞ்சியத்திலிருந்து வந்தது, உப்பு எந்த அளத்திலிருந்து வந்தது, பரிமாறியவனுக்குக் கூலி என்ன என்று ஒரு கட்டுரையாவது கேட்டிருக்க வேண்டாமா?

வெர்சாயைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள், வெர்சாய் ஆய்வு இப்போது எங்கே நிற்கிறது என்றும் ஒரு பார்வை பார்க்கலாம். அரசவைச் சடங்கு என்பது பிரபுக்களைக் கூண்டில் அடைக்க பதினான்காம் லூயி விரித்த வலை என்ற எண்ணத்தை நிலைநிறுத்தியவர் நோர்பெர்ட் எலியாஸ். அவர் நூல் 1969இல் அச்சேறியது. டச்சு வரலாற்றாசிரியர் யெரூன் டொய்ண்டாம் 1994இல் அதை நேருக்கு நேர் மறுத்தார். 2003இல் வியன்னாவையும் வெர்சாயையும் அருகருகே வைத்து, யார் எந்தப் பதவியில் இருந்தார், எவ்வளவு சம்பளம், எவருக்கு எந்த வாசல் வரை அனுமதி என்று அரண்மனைக் குடித்தனத்தின் கணக்கை எண்ணிக் காட்டினார். பிரபுக்கள் அடைபட்ட கிளிகளாக இல்லை. சடங்கிலும் பதவியிலும் தங்கள் பங்கைப் பேரம் பேசி வாங்கிக்கொண்டார்கள் என்று தெரிந்தது.

அந்த அரண்மனையின் ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்க்கலாம். அரசனுக்கான உணவு தனிக் கட்டடத்துச் சமையலறையிலிருந்து காவலர் சூழ ஊர்வலமாக வரும். எதிர்ப்படுகிறவர்கள் அரசனின் உணவுக்குத் தொப்பியைக் கழற்றி வணங்க வேண்டும். எலியாஸ் வழிக்காரர்கள் இதில் அதிகாரத்தின் நாடகத்தைக் காண்பார்கள். டொய்ண்டாம் வழிக்காரர்கள் தட்டைச் சுமப்பவனின் பதவியை அவன் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினான் என்று பார்ப்பார்கள். அந்தத் தட்டுக்குப் பணம் கொடுத்தது யார்? பிரான்சின் பல பகுதிகளில் குடிமக்கள் அரசின் உப்புக் கிடங்கிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று கட்டாயமாக உப்பு வாங்க வேண்டியிருந்தது. ‘கபெல்’ எனப்பட்ட அந்த வரி புரட்சிக்குப் பின் 1790இல்தான் ஒழிந்தது. உப்பை விட்டுவிட்டு வெர்சாயின் கதையைச் சொல்ல முடியாது. நாம் மட்டும் செஞ்சியை உப்பில்லாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

செஞ்சிக்குள் போகிறவர்கள் கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடுக்கடுக்காக எழும் அந்தக் கோபுரமும் கீழே உள்ள குளமும் படத்துக்கென்றே கட்டியது போலிருக்கும். சற்றுத் தள்ளி, தடித்த சுவரும் வளைந்த கூரையுமாக நிற்கும் களஞ்சியத்தில் கூட்டம் இருக்காது. என்னைக் கேட்டால் செஞ்சியின் அரண்மனை அந்தக் களஞ்சியம்தான். 1590களின் இறுதியில் கிருஷ்ணப்ப நாயக்கரைக் காண வந்த இயேசு சபைப் பாதிரி பிமென்டா, பட்டு விரிப்பில் சாய்ந்திருந்த அரசனைப் பற்றி எழுதியதை எல்லோரும் எடுத்துக்காட்டுகிறார்கள். லிஸ்பனைத் தவிர போர்த்துகலில் இவ்வளவு பெரிய நகரம் இல்லை என்று அவர் வியந்ததையும் சொல்கிறார்கள். அவ்வளவு பெரிய நகரம் நாள்தோறும் எதைத் தின்றது என்ற கேள்வி பட்டு விரிப்போடு சுருட்டி வைக்கப்படுகிறது.

இந்தக் கடற்கரைக்கும் செஞ்சி அரசவைக்கும் இருந்த உறவு வெட்டவெளிச்சமாவது நாயக்கர் போன பிறகு, மராட்டியர் காலத்தில். சிவாஜி 1677இல் கோட்டையைப் பிடித்தார். 1689இல் அவர் மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பி இங்கே வந்து சேர்ந்ததும், செஞ்சி மராட்டிய அரசின் தலைநகரானது. 1690இல் தொடங்கிய முற்றுகை 1698 வரை நீண்டது. எட்டு ஆண்டுக்காலம் முற்றுகைக்குள்ளே ஓர் அரசவை: அமைச்சர், தளபதி, எழுத்தர், அந்தப்புரம், யானை, குதிரை எல்லாவற்றோடும். போகத்துக்கும் நாடகத்துக்கும் இங்கே இடமேது? வெளியே முற்றுகையிட்ட பக்கமும் தானியப் பிரச்சினைதான். 1692இன் கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜியும் தனாஜியும் வழியை மறித்தபோது முகலாயப் பாளையம் பட்டினியில் தவித்து, வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. பாளையத்தில் இருந்த பாதுஷாவின் மகன் காம்பக்ஷ் எதிரியோடு ரகசியப் பேச்சு நடத்திச் சிறைப்பட்டதையும் பசியின் பின்னணியில் வைத்துப் படித்தால்தான் விளங்கும்.

உள்ளே இருந்த அரசவை எப்படித் தாக்குப்பிடித்தது? கடற்கரையை விற்றுத்தான். 1690இல் தேவனாம்பட்டினக் கோட்டையை ராஜாராம் ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றார். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதைத் தீர்மானிக்கப் பீரங்கி சுட்டார்கள். குண்டு போய் விழுந்த எல்லைக்குள் இருந்தவை கம்பெனிக்கு. கடலூர்ப் பக்கம் அவற்றுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர். 1693இல் பாண்டிச்சேரி டச்சுக்காரர் கைக்குப் போனபோதும் செஞ்சிக்குப் பணம் கைமாறியது. ஓர் அரச குடும்பத்தின் செலவுக் கணக்கு ஒரு கடற்கரையின் வரைபடத்தையே மாற்றி எழுதியதற்கு இதைவிட நேரடியான சான்று இந்தியாவில் அரிது. இதைக் கருவாக வைத்துத் தமிழில் ஒரு முழு நூல் வந்திருக்க வேண்டும். வந்ததெல்லாம் தேசிங்கு ராஜன் கதையின் மறுபதிப்புகள்.

அடுத்த நூற்றாண்டில் இதே கதை தலைகீழாகிறது: அரசவை கடற்கரைக்கே வந்துவிடுகிறது. 1750 டிசம்பரில் தக்காண சுபேதார் முஸாபர் ஜங் பாண்டிச்சேரிக்கு வந்தார். கவர்னர் டூப்ளே முகலாய உடையில் தர்பார் கொண்டார். ஆலம்பரைக் கோட்டையும் அந்த ஆண்டில்தான் அவருக்குப் பரிசாகப் போனது. படகுத்துறையும் நாணயச் சாலையும் இருந்த இடம் அது. சரிகைத் துணி, உப்பு, நெய் எல்லாம் ஏற்றுமதியான துறை. சுபேதார் கொடுத்தது அலங்காரப் பரிசு என்று நினைத்தால் தவறு. வருமானம் உள்ள இடத்தைத்தான் கொடுத்தார்; டூப்ளேயும் அதைத் தெரிந்தே வாங்கினார். 1760இல் ஆங்கிலேயர் அதை இடித்ததற்கும் காரணம் அதுவே. 1805இல் சென்னை மாகாணத்தின் உப்பு முழுவதும் கம்பெனியின் ஏகபோகமானபோது, பழைய அரசவைகளின் ஒரு கையைக் கம்பெனி தன் கையாக மாட்டிக்கொண்டது.

இந்த தர்பாரை உள்ளிருந்து எழுதியவர் டூப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. அவரை நாம் ‘நாட்குறிப்பு வேந்தர்’ என்று பட்டம் கட்டிச் சிலையாக்கிவிட்டோம். பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களில் அவரை மனிதராக்கினார். ஆய்வாளர்கள்தான் இன்னும் அவரிடம் வரவில்லை. 1736 முதல் 1761இல் சாகும் வரை அவர் எழுதிவைத்த பக்கங்கள் தமிழில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகச் சிறந்த அரண்மனைக் குடித்தன ஆவணம். அந்த அரண்மனை ஒரு பிரெஞ்சு வணிகக் கம்பெனியின் கவர்னர் மாளிகை என்பது கூடுதல் சுவை. யாருக்கு எத்தனை பீரங்கி மரியாதை, யார் நஜர் வைத்தார், யாருக்கு வெற்றிலை பாக்கு, யாருக்குப் பொன்னாடை, துணி வியாபாரிகளின் நிலுவை எவ்வளவு என்று எல்லாம் ஒரே மூச்சில் வரும். சடங்கும் கணக்கும் அவருக்கு இரண்டு வேலைகளாக இருக்கவில்லை. டூப்ளேயின் மனைவி ழானைப் பற்றி எழுதும்போது மட்டும் பேனா விஷத்தில் தோய்கிறது. வெளியாளாக இருந்த துபாஷிக்கும் உள்வீட்டுப் பெண்ணுக்கும் கவர்னரின் காது யாருக்கு அருகில் என்று நடந்த போட்டி அது. வியன்னாவிலும் வெர்சாயிலும் டொய்ண்டாம் தேடியதும் இத்தகைய போட்டிகளைத்தான்.

போக வாய்ப்பாட்டுக்குத் தஞ்சையில் தக்க மறுப்பு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது, யாரும் கண்டுகொள்ளவில்லை. மராட்டிய அரண்மனை தன் துறைகளைப் பதினெட்டு கார்கானாக்கள், பன்னிரண்டு மஹால்கள் என்று பிரித்துக் கணக்கு வைத்த மரபு கொண்டது. தஞ்சை அரண்மனையின் கணக்குகள் மோடி என்ற பழைய மராத்தி எழுத்தில் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. அவற்றிலிருந்து கே.எம். வேங்கடராமையா தஞ்சை மராட்டியர் கால அரசியலையும் சமுதாய வாழ்க்கையையும் பற்றி எழுதிய பெரிய நூலைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1984இல் வெளியிட்டது. மருந்து, சத்திரம், சம்பளம், ஆடல் மகளிர், சமையல் எல்லாம் ரூபாய், பணம், காசாக அதில் இருக்கிறது. நடை வறண்டது; கோட்பாடு எதுவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கருத்தரங்கங்களில் அந்தப் பெயர் கேட்பதில்லை. பத்துக் கோட்பாட்டு நூல்களைத் தராசின் ஒரு தட்டில் வைத்தாலும் என் தட்டு வேங்கடராமையா பக்கமே சாயும்.

கணக்குப் பார்த்தால் கவிதை போய்விடும் என்று ஒரு பயம் உலவுகிறது. ரங்காஜம்மாவுக்கும், ரகுநாதரின் அரசவைக் கவிஞர் ராமபத்ராம்பாவுக்கும் அரண்மனையில் இருந்த இடத்தைக் கவிதையால் மட்டும் அளக்க முடியாது. அவர்களுக்கு என்ன மானியம், எந்தக் கட்டில் இருப்பு, யார் ஆதரவு என்று தெரியும்போதுதான் ஒரு பெண் அரசன் முன்னிலையில் காவியம் எழுதியதன் துணிச்சல் புரியும். கணக்கு கவிதைக்கு எதிரி என்பது கவிதையை ஒழுங்காகப் படிக்காதவர்களின் கவலை.

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு ஆங்கிலத்தில் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வந்து முடிந்தது; மூலங்கள் இல்லை என்று இனியும் சாக்குச் சொல்ல முடியாது. அரசவை ஆய்வு செய்ய வரும் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முனைவர் பட்டத்துக்கு ‘நாயக்கர் காலத்தில் சிருங்காரம்’ என்று இன்னொரு தலைப்பைப் பதிவு செய்யாதீர்கள். மோடி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். பிள்ளையின் பக்கங்களைத் தமிழ் மூலத்தில் படியுங்கள். மரக்காணம் முதல் தேவனாம்பட்டினம் வரையுள்ள துறைகளின் வரவு செலவை முதல் அத்தியாயமாக எழுதுங்கள். கல்யாண மகாலைப் பற்றி மூன்றாம் அத்தியாயத்தில் எழுதிக்கொள்ளலாம்.