நீலா படுக்கும் அழகு

கிரேஹவுண்டின் ஓட்டத்தைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நாலு காலும் தரையை விட்டு எழும்பும் அந்தக் கணம் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இரண்டு முறை வரும். அதைப் படமெடுத்துச் சட்டம் போட்டு மாட்டாத ரசிகர் வீடு இல்லை. எனக்கு அந்த நாய் படுப்பதைப் பார்க்கத்தான் பிடிக்கும். ஆறு வருடமாக என் கிரேஹவுண்ட் நீலா படுப்பதைப் பார்க்கிறேன், இன்னும் அலுக்கவில்லை.

முதலில் மெத்தையை முன்னங்காலால் நாலைந்து தடவை பறிப்பாள். பிறகு ஒன்றரைச் சுற்று, எப்போதும் இடப்பக்கமாகவே. பந்தயத் தடங்கள் எல்லாம் இடப்பக்கம் வளைபவை. அந்தப் பழக்கம்தான் வரவேற்பறை வரை வந்திருக்கிறது என்பது என் எண்ணம். சுற்றி முடிந்ததும் தலை தாழும். முன்னங்கால்கள் மடிந்து முழங்கை இரண்டும் தரையைத் தொடும். இடுப்பு மட்டும் மேலேயே நிற்கும். அங்கே ஒரு நிறுத்தம், ஒரு மூச்சு நேரத்துக்கு. நல்ல பாடகர் மேல் ஸ்தாயியில் நின்று, இறங்கலாமா என்று யோசிப்பாரே, அதே நிறுத்தம். பிறகு வலது பின்னங்காலை ஒரு விரற்கடை வெளியே தள்ளி, எடையை இடது தொடைக்கு மாற்றி, எலும்பு எதுவும் தரையில் இடிக்காமல் இறங்குவாள். கடைசியில் மூக்கு வழியாக ஒரு நீண்ட பெருமூச்சு.

அந்த ஒரு விரற்கடை வீணாக வந்ததல்ல. இடப்பக்க வளைவுகளில் வலது பின்னங்கால் கணுமூட்டுதான் அடி வாங்கும். அவளுக்கும் அங்கேதான் முறிந்தது, அதோடு ஓட்டமும் முடிந்தது. தொட்டுப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு முடிச்சு இன்னும் இருக்கிறது.

விப்பெட் வளர்க்கும் நண்பர்கள் இதை ஒத்துக்கொள்வதில்லை. விப்பெட் அழகாகத்தான் சுருளும். நாற்காலி மூலைக்குள் பூனைபோல் மறைந்தே போய்விடும். ஆனால் மடிப்பு தெரிய நீளம் வேண்டும், ஒன்பது கஜப் புடவைக்கு இருக்கிற விசிறி கைக்குட்டைக்கு வராது. சலூக்கி முன்பாதங்களை ஒன்றன்மேல் ஒன்று போட்டுச் சிலைபோல் படுக்கும். அதுவும் அழகுதான், ஆனால் யாரோ பார்க்கிறார்கள் என்று தெரிந்து படுப்பதுபோல் இருக்கும். கிரேஹவுண்டுக்கு அந்த நினைப்பே கிடையாது.

பயிற்சி வகுப்புக்காரர்களோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர்களுக்கு நாய் உட்கார்ந்தால்தான் நாய். இத்தனை தொடைத்தசையை வைத்துக்கொண்டு இவை எப்படி உட்காரும்? நிற்கும், இல்லையென்றால் படுக்கும். நடுவில் இன்னொரு நிலையைக் கட்டாயப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. நீலா என்னிடம் நிற்க விரும்பினால் என் தொடையில் முழு எடையையும் சாய்த்து நிற்பாள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

வந்த புதிதில் இவ்வளவு நன்றாகப் படுக்கவில்லை. பிறந்ததிலிருந்து கொட்டிலில் இருந்தவள். மாடிப்படி தெரியாது, கண்ணாடிக் கதவு தெரியாது, அடுப்படியில் குக்கர் விசில் அடித்தால் வாசலுக்கு ஓடுவாள். முதல் மூன்று வாரம் மூக்கைத் தொடைக்குள் செருகி, பிரிமணைபோல் இறுகிக் கிடந்தாள். இரண்டாவது மாதம் பக்கவாட்டில் கால் நீட்டினாள். எட்டாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கும்போது மல்லாந்தாள். நாலு காலும் நாலு திசையில், கழுத்து ஒரு பக்கம் முறுக்கி, வயிறு முழுக்க ஜன்னல் வெயிலில். கரப்பான்பூச்சி மல்லாந்து கிடப்பதுபோல் என்று இங்கே அதை ‘ரோச்சிங்’ என்கிறார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடிக்காது. விலா தெரிய ஓடிய ஒரு உயிர் தன் வயிற்றை இந்த வீட்டை நம்பித் திறந்து காட்டுகிறது, அதற்கு இன்னும் நல்ல பெயர் வைத்திருக்கலாம்.

கண்ணைத் திறந்தபடி தூங்குவதைப் பற்றி வளர்ப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விருந்தாளிகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். விருதுநகரிலிருந்து வந்திருந்த என் மாமியார் முதல் நாளே பயந்துவிட்டார்.

“மாப்பிள்ளை, இதுக்கு உடம்புக்கு முடியலையா? கண்ணைத் தொறந்துக்கிட்டே கெடக்குது.”

“தூங்குறா அத்தை. தொட்டுறாதீங்க. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுட்டுப் போங்க.”

திடீரென்று தொட்டால் தூக்கத்திலேயே உறுமிவிடும், பல்லும் படலாம். கொட்டிலில் தனியே படுத்தவளை யாரும் வந்து தொட்டதில்லை, அவ்வளவுதான் விஷயம். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். சிப்பிப்பாறை நாய்களைச் சிறுவயதிலிருந்து பார்த்தவர் என்பதால் ‘பட்டினி போட்டீர்களா’ என்று அவர் மட்டும் கேட்கவில்லை. இங்கே டூட்டிங் கடைத்தெருவில் இன்றுவரை எல்லோரும் கேட்கிறார்கள். எங்களோடு தங்கிய மூன்று மாதமும் தண்ணீர் குடிக்கப் போனால்கூட “ஏ நீலா” என்று ஒரு குரல் கொடுத்துவிட்டுத்தான் அத்தை நடந்தார்.

படுக்கை விஷயத்தில்தான் எனக்குப் பெரிய குறை. உடம்பில் கொழுப்பு இல்லை, தோல் காகிதம்போல் மெல்லியது, இந்த எலும்புக்கும் தரைக்கும் நடுவில் மெத்தை ஒன்றுதான் காவல். ஆனால் இப்போது கடைகளில் கிடைப்பதெல்லாம் பஞ்சு வைத்த வட்டத் தொட்டிகள். பூனைக்குச் சரி. எழுபது சென்டிமீட்டர் உயர நாயைத் தொட்டிக்குள் வைத்தால் வாழ்நாள் முழுக்கச் சுருண்டே கிடக்கும், கால் நீட்டுவதற்கே வழியில்லை. போதாததற்கு ‘மணிக்கு நாற்பது மைல் ஓடும் சோபா சோம்பேறி’ என்றொரு வாசகம் சட்டைகளில்கூட வந்துவிட்டது. சோம்பேறி இல்லை. அரை நிமிடத்தில் அத்தனையையும் கொட்டிவிடும்படி அமைந்த உடம்பு, மிச்ச நேரத்தில் சேர்த்துவைக்கிறது.

இந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று அனுபவித்தும் பார்த்தேன். படுத்தே இருக்கிறாளே என்று ஓர் இளம் கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்தார். தைராய்டு அளவு குறைவாக இருந்தது, மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார். கிரேஹவுண்டுக்கு அந்த அளவு மற்ற நாய்களைவிடக் குறைவாகத்தான் இருக்கும், சிவப்பணு கூடுதலாகத்தான் இருக்கும். அவர் தாளைப் பார்த்தார், மெத்தையில் கிடந்தவளைப் பார்க்கவில்லை. வேறொருவரிடம் காட்டி மாத்திரையை நிறுத்த ஐந்து வாரம் ஆயிற்று.

அந்தப் பார்வை தெரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். விம்பிள்டன் ப்ளவ் லேன் மைதானத்தில் நாய்களைப் பார்த்துக்கொண்ட முதியவர். நான் நாய் எடுப்பதற்கு வெகுமுன்பே, சும்மா வேடிக்கை பார்க்கப்போன காலத்தில் பழக்கம். கிழித்த காகிதம் பரப்பிய படுக்கையில் நாய் எந்தப் பக்கம் சாய்ந்து இறங்குகிறது என்று பார்த்தே எந்தக் காலில் வலி என்று சொல்வார். நடக்கவிட்டுப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான். 2017 மார்ச் 25-ஆம் தேதி அங்கே கடைசிப் பந்தயம். இப்போது அதே இடத்தில் கால்பந்து. பந்தயம் போனதற்கு நான் வருந்தவில்லை. நீலாவின் கணுமூட்டைத் தினமும் தடவுகிறவன் எப்படி வருந்துவேன்? அந்த முதியவரின் கண் யாருக்கும் கைமாறாமல் போனதுதான் மனசைப் பிசைகிறது.

போன மாதம் ட்ரிங் அருங்காட்சியகத்துக்குப் போனேன், அங்கே பாடம் செய்து வைத்திருக்கும் பந்தய கிரேஹவுண்ட் மிக் த மில்லரைப் பார்க்க. 525 கஜத்தை 30 வினாடிக்குள் ஓடியவன். 1929, 1930 இரண்டு ஆண்டும் டெர்பி வென்றவன். அவனைவிட வேகக்காரர்கள் பின்னால் எத்தனையோ பேர் வந்தார்கள். தொடர்ந்து 32 பந்தயம் ஜெயித்த பாலிரீகன் பாப்தான் மேல் என்பவர்களோடு நான் மல்லுக்கு நிற்பதில்லை. கூட்டத்தில் இடிபடாமல் எப்போது எந்த இடைவெளி திறக்கும் என்று தெரிந்து ஓடியவன் மிக். எனக்கு அந்த அறிவுதான் பெரிது.

கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கவைத்திருக்கிறார்கள். 1931-ல் கடைசிப் பந்தயம், 1939-ல் சாவு. நடுவில் இருந்த அந்த ஆண்டுகளில் அவன் எப்படிப் படுத்தான், எந்தப் பக்கம் சுற்றினான் என்று நான் படித்த எதிலும் ஒரு வரி இல்லை. குனிந்து முழங்கைகளைப் பார்த்தேன். அதிகம் படுக்கும் பக்கத்தில் ரோமம் தேய்ந்து காய்த்திருக்க வேண்டும். வெளிச்சம் போதவில்லை, தேய்வா நிழலா என்று பிடிபடவில்லை.

வீடு திரும்பியபோது நீலா இடப்பக்கம் சாய்ந்து, கண் பாதி திறந்து கிடந்தாள். கனவில் முன்பாதங்கள் மட்டும் துடித்துக்கொண்டிருந்தன. தேங்காய் எண்ணெயை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். “நீலா” என்றேன். பாதம் நின்றது, காது மட்டும் என் பக்கம் திரும்பியது. பிறகுதான் முழங்கைக் காய்ப்பில் விரலை வைத்தேன்.