படகுக்குள் ஏசி: மெஷின் சுலபம், குழாய்தான் வேலை

மலேசியாவின் லங்காவித் தீவில், ரெபாக் மரீனாவுக்குள் அலைத் தொல்லை இல்லை, காற்றும் இல்லை. நங்கூரத்தில் நிற்கும் படகு காற்று வரும் திசைக்குத் தானே மூக்கைத் திருப்பிக்கொள்ளும். கயிற்றில் கட்டிக்கிடக்கும் படகு எப்படித் திரும்பும்? நண்பரின் 38 அடிப் பாய்மரப் படகில் நாங்களே ஏசி மாட்ட இறங்கியது இதனால்தான்.

வீட்டு ஸ்பிலிட் ஏசியைப் படகில் மாட்டுகிறவர்களும் உண்டு. விலை குறைவு, ஆனால் வெளி யூனிட்டை உப்புக்காற்று அரித்துவிடும். நாங்கள் எடுத்தது டொமெட்டிக், வெபாஸ்டோ போன்ற கம்பெனிகள் செய்கிற ரகம்: கம்ப்ரசர், கண்டன்சர் எல்லாம் ஒரே தட்டில், கேஸ் நிரப்பியே வரும். சூட்டை வாங்கிக்கொண்டு போவது கடல்நீர். தண்ணீர் மட்டத்துக்குக் கீழிருக்கும் கேபினுக்குச் சதுர அடிக்கு 60 பிடியு குளிர்த்திறன் என்பது பழைய கணக்கு. லங்காவி வெயிலுக்கு அது போதாது என்று 16,000 பிடியு யூனிட்டாக வாங்கினோம். வாங்கும்போது மின்சாரத்தையும் பாருங்கள்: மலேசியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்கப் படகுகளுக்கான 115 வோல்ட் யூனிட் மலிவாகக் கிடைத்தாலும் இங்கே நேரடியாக ஓடாது.

யூனிட்டை சோபாவுக்கு அடியில் உட்காரவைப்பது தச்சு வேலை, அவ்வளவுதான். உயிரை எடுப்பது தண்ணீர்க் குழாய். படகைக் கரையேற்றி, அடிப்பாகத்தில் ஓட்டை போட்டு, வால்வு பொருத்த வேண்டும். வால்வு, வடிகட்டி, பம்பு, கண்டன்சர் என்று ஹோஸ் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் ஓரிடத்தில் மேடு தட்டி இறங்கினாலும் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும். இந்தப் பம்பு தானாகத் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் அதன் இடம் நீர்மட்டத்துக்குக் கீழேதான். வால்வு இணைப்புக்கு இரண்டு கிளிப், அதுவும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில். இங்கே ஒழுகினால் படகே மூழ்கும். வெளியேறும் தண்ணீரை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே விடுங்கள்: பம்பு ஓடுகிறதா என்று கண்ணால் பார்க்கலாம். ரொம்ப உயரத்தில் வைத்தால் பக்கத்துப் படகுக்காரர் இராத்திரி முழுக்க அருவிச் சத்தம் கேட்பார்.

ஏசி சொட்டும் தண்ணீருக்குத் தனி வடிகால் கொடுங்கள். அந்தக் குழாயின் வாயை இன்ஜின் பக்கம் விட்டுவிடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அதன் வழியே படுக்கையறைக்கு ஏறலாம். குளிர்காற்று மேலிருந்து வர வேண்டும், திரும்பும் காற்று கீழே போக வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால் வந்த குளிரையே யூனிட் திரும்ப இழுத்துக்கொள்ளும். கேபின் அப்படியே கொதிக்கும். மின் இணைப்பை மட்டும் படகு எலக்ட்ரீஷியனிடம் விட்டோம். எர்த் சரியில்லையென்றால் ஷாக் அடிப்பது ஒருபுறம், தண்ணீருக்குள் இருக்கும் உலோகமெல்லாம் அரித்துப்போகும்.

வேலை செய்கிறதா? அருமையாக. மத்தியானத்தில் கேபினுக்குள் உட்கார்ந்து வரைபடம் பார்க்க முடிகிறது. குளிரைவிட ஈரப்பதம் குறைந்ததுதான் பெரிய லாபம்: மெத்தையில் பூஞ்சை வாடை போய்விட்டது. கம்ப்ரசர் கிளம்பும்போது சோபா லேசாக அதிர்கிறது; அதன்மேல் படுப்பவருக்குத் தூக்கம் கலையும். ஜெல்லிமீன் கூட்டம் வந்தால் வடிகட்டி அடைத்து, அழுத்தம் ஏறி, யூனிட் நின்றுவிடும். வடிகட்டியைக் கழுவினால் சரியாகிவிடும். குழாய்க்குள் கொட்டலசு பிடித்தால் ஆசிட் விட்டுத்தான் கழுவ வேண்டும்.

நங்கூரத்தில் கதை வேறு. யூனிட்டும் பம்புமாக ஒன்றேகால் கிலோவாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியே கொடுத்தால் நூறு ஆம்பியருக்கு மேல். 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. ஜெனரேட்டர் போடலாம், டீசலும் சத்தமும் பரவாயில்லை என்றால்.

மாதக்கணக்கில் மரீனாவில் கட்டிக்கிடப்பவர் தாராளமாக மாட்டலாம். நங்கூரத்திலேயே வாழ்பவர் அந்தப் பணத்தில் நல்ல 12 வோல்ட் ஃபேன் நான்கும் மேல்தட்டுக்கு ஒரு நிழல்துணியும் வாங்கிக்கொள்ளட்டும்.