சுவிட்ச் யார் கையில்?

உளவியல் பாடநூல்கள் 'கற்றுக்கொண்ட கையறுநிலை' என்பதை இப்படி விளக்குகின்றன: தப்ப வழியில்லாத துன்பத்தைத் திரும்பத் திரும்பப் பட்டவர், வழி திறந்த பிறகும் முயலாமல் இருப்பது. 1967இல் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் செய்த சோதனையில் பிறந்த கருத்து இது. 1979இல் லெனோர் வாக்கர் இதை அடிபடும் மனைவியருக்குப் பொருத்தினார்.

எனக்கு இந்த விளக்கத்தோடு தகராறு உண்டு. குறை அடிபட்டவளின் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதிர்ச்சி கொடுத்தவர் அந்த வாக்கியத்திலேயே இல்லை. நம் புறப்பாடல்களின் கையறுநிலை அப்படியல்ல. இழந்தது யாரை என்பதை அது மறைப்பதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தைப் பாருங்கள். 1991இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கல்குவாரிப் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டக் கற்றார்கள். ஊர் கேலி பேசியது; அவர்கள் மிதித்தார்கள். அதுவரை ஓட்டாமல் இருந்தது மனக்கோளாறா? சைக்கிள் வீட்டு ஆணுடையது. கற்றுத்தர ஆளில்லை. ஏறினால் ஏச்சு.

2016இல் மேயரும் செலிக்மனும் தங்கள் கருத்தைத் தாங்களே திருத்தினார்கள்: முடங்குவது கற்றதல்ல, நீண்ட துன்பத்துக்கு உயிர் தரும் இயல்பான எதிர்வினை, கற்கப்படுவது 'என்னால் மாற்ற முடியும்' என்பதே. நல்ல திருத்தம்தான். ஆனால் அதிலும் சுவிட்ச் வைத்திருப்பவரைப் பற்றிப் பேச்சில்லை. ஒரு பெண்ணின் தாளில் இந்தச் சொல்லை எழுதுமுன், அவள் வீட்டுச் சைக்கிள் யாருடையது என்று கேட்க வேண்டும்.