வயது ஒரு வேடமா?

ஷேக்ஸ்பியரின் 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் இரண்டாம் அங்கத்தின் கடைசிக் காட்சி. காட்டில் சாப்பிட உட்கார்ந்திருக்கும் கூட்டத்துக்குள் ஆர்லாண்டோ என்ற இளைஞன் உருவிய வாளோடு புகுகிறான். பசி அவனுக்கு மட்டுமல்ல. அவனை நம்பிக் கூடவே வந்து, நடக்கமுடியாமல் விழுந்து கிடக்கும் ஆதாம் என்ற பெரியவருக்கும்தான். அவரைக் கூட்டிவா, அதுவரை யாரும் கை வைக்கமாட்டோம் என்கிறார் கூட்டத்தின் தலைவரான டியூக். அவன் போய்த் திரும்பும் அந்தச் சிறு இடைவெளியில்தான் கூட்டத்தில் ஒருவனான ஜேக்விஸ் பேசுகிறான். உலகத்தை மேடையாக்கி, கைக்குழந்தை, பள்ளிச் சிறுவன், காதலன், போர்வீரன், நீதிபதி, தளர்ந்த கிழவன், எல்லாம் ஓய்ந்த இரண்டாம் குழந்தைமை என்று மனித வாழ்வை ஏழு வேடங்களாக அடுக்குகிறான்.

நானூறு ஆண்டுகள் கடந்தும் இந்த ஒப்புமை தேயாததற்குக் காரணம், அதில் பாதி உண்மை இருப்பதுதான். வயது தானாக வருகிறது. அந்த வயதுக்குரிய நடத்தையை நாம் பார்த்துத்தான் பழகுகிறோம். நேற்றுவரை தெருவில் கிரிக்கெட் ஆடியவன், குழந்தை பிறந்த மறுவாரமே தன் அப்பாவைப் போலக் கனைக்கிறான், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடக்கிறான். மாமியாரின் ஒரு சொல்லுக்கு இருபது வருஷம் அழுதவள், தனக்கு மருமகள் வந்ததும் அதே சொல்லை அதே ஏற்ற இறக்கத்தோடு சொல்கிறாள். யாரோ எழுதிவைத்த வசனத்தைத்தான் பேசுகிறோம் என்பது அவளுக்கே தெரிவதில்லை. இதைப் பிடித்துக் காட்ட நாடகத்தைவிடப் பொருத்தமான உவமை எனக்குத் தெரியவில்லை.

ஆனால் ஜேக்விஸ் தன் ஆறாவது வேடத்துக்கு வைத்த பெயரைக் கவனிக்க வேண்டும்: பான்டலூன். இத்தாலிய முகமூடி நாடகங்களில் பான்டலோனே என்ற கஞ்சக் கிழவன் கதைக்குக் கதை மாறாமல் ஒரே மாதிரி வருவான். ஜனங்கள் பார்த்துச் சிரிப்பதற்கென்றே வைத்த பாத்திரம். மேடையில் ஏற்கெனவே இருந்த ஒரு வார்ப்பை எடுத்துவந்து, முதுமை என்றால் இதுதான் என்கிறான் ஜேக்விஸ். மனிதரைப் பார்த்து வேடம் கட்டவில்லை. வேடத்தைப் பார்த்து மனிதரை அளக்கிறான்.

அவன் வாயை மூடியதும் ஆர்லாண்டோ ஆதாமைத் தூக்கிக்கொண்டு வருகிறான். ஆதாமுக்கு ஏறத்தாழ எண்பது வயது. ஊழியம் செய்து முதுமைக்கென்று சேர்த்த ஐந்நூறு கிரவுனை, வீட்டைவிட்டு ஓட நேர்ந்த எஜமான் மகன் ஆர்லாண்டோ கையில் கொடுத்துவிட்டு, துணைக்கும் கிளம்பி வந்தவர். உடம்பு தளர்ந்தது உண்மை. மற்றபடி ஜேக்விஸின் ஏழில் எதிலும் இவரை அடைக்க முடியாது. தன் பாத்திரம் பேசிய பேச்சுக்கு நாடகாசிரியரே வைத்த மறுப்பு இது என்றே நான் படிக்கிறேன். அந்தப் பேச்சை மட்டும் கத்தரித்துப் பாடநூலில் வைக்கும்போது இந்த வருகை விட்டுப்போகிறது.

ஏழு வேடத்தில் பெண்ணும் இல்லை. நம் பக்கம் திரும்பினால், உலா இலக்கியம் பேதை முதல் பேரிளம்பெண் வரை பெண்ணுக்கு ஏழு பருவம் சொல்கிறது. கடைசிப் பருவம் நாற்பது வயதோடு முடிகிறது. பவனி வரும் தலைவனைக் கண்டு மயங்குவதற்குத்தான் அங்கே வயது. அதற்குமேல் வாழ்கிற பெண்ணுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை.

சரி, உண்மையான மேடையில் வயது என்னவாக இருந்தது? 1918-ல் மதுரையில், சங்கரதாஸ் சுவாமிகளை ஆசிரியராகக் கொண்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் நடிகர் தி. க. சண்முகம் சேர்ந்தபோது அவருக்கு ஆறு வயது. பாலர் கம்பெனிகளில் மீசை அரும்பாத பையன் ராஜபார்ட். இன்னொருவன் ஸ்திரீபார்ட். வேறொருவன் நரைத்தாடி ஒட்டிக்கொண்டு முனிவர். வயதுக்கும் வேடத்துக்கும் அங்கே முடிச்சே கிடையாது.

ஒன்றே ஒன்றைத் தவிர. அதை மகரக்கட்டு என்பார்கள். உச்ச ஸ்தாயியில் கொட்டகையின் கடைசி வரிசை வரை கேட்கப் பாடிய பையனுக்கு ஒருநாள் குரல் உடையும். ஒலிபெருக்கி இல்லாத காலம், பாட்டுதான் நாடகம். நேற்று கைதட்டல் வாங்கியவன் இன்று பாட வாயெடுத்தால் பாதியில் கரகரக்கிறது. தாடியைக் கழற்றலாம், சேலையை அவிழ்த்து மடித்து வைக்கலாம். தொண்டையில் இறங்கிய வயதை என்ன செய்வது?

இந்த ஒப்புமையின் பெரிய பிழை இங்கேதான் தெரிகிறது. வயதில் உடம்பு கொண்டுவருவது ஒன்று, ஊர் மாட்டிவிடுவது வேறொன்று. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, வேடம் என்று பெயர் எழுதி ஒட்டிவிடுகிறது இந்த உவமை. அதனால் உடம்பின் வலி பாவனையாகத் தெரிகிறது. ஊர் போட்ட சட்டமோ இயற்கையாகத் தெரிகிறது. இந்த இரண்டாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

என் பெரியம்மா அறுபத்தோரு வயதில் ஸ்கூட்டர் பழகினார். முழங்கால் வலி இருந்தது. வண்டியைக் காலூன்றி நிறுத்தும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். அது உடம்பின் சங்கதி, அதற்கு அவரே வழி பார்த்துக்கொண்டார். வாசலில் நின்று பார்த்தவர்கள் முழங்காலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த வயசுல இதெல்லாம் தேவையாக்கா?" என்றுதான் கேட்டார்கள். அன்று மாலை சாவியை ஆணியில் மாட்டியவர், பத்து நாள் அதை எடுக்கவே இல்லை.

நல்ல நடிகர்களிடம் இந்தக் கேள்வி எடுபட்டதில்லை. முப்பது வயதை ஒட்டி, ஆணாக இருந்துகொண்டே, தி. க. சண்முகம் ஔவைக் கிழவியாக நடித்தார். வேடத்தின் பெயரே அவர் பெயருக்கு முன்னால் நிலைத்துவிட்டது. 1967-ல் 'திருவருட்செல்வர்' படத்தில் முதிய அப்பராக வந்த சிவாஜி கணேசனுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. முதுமையைக் கேலிப்பொருளாக்காமல் அணுகியதால்தான் அந்த இரண்டு வேடங்களும் இன்றுவரை பேசப்படுகின்றன. ஜேக்விஸுக்கு இல்லாமல் போனது அந்த மரியாதை.

ஷேக்ஸ்பியர் மேலும் எனக்கொரு மனக்குறை உண்டு. நாடகம் நான்கு ஜோடிகளின் திருமணத்தோடு முடிகிறது. அந்தக் கூட்டத்தில் ஆதாம் இல்லை. காட்டில் ஒருவாய் சாப்பாடு கிடைத்த அந்தக் காட்சிக்குப் பிறகு அவருக்கு வசனமே எழுதப்படவில்லை.