டவர் ஹோலும் நமது கல்லூரிக் கீதங்களும்

கொழும்பு மருதானையில் இரண்டு பழைய நிலையங்கள் உள்ளன. ஒன்று 1892இல் தொடங்கிய ஸாஹிராக் கல்லூரி. மற்றது 1911 டிசம்பரில் திறக்கப்பட்ட டவர் ஹோல் நாடக அரங்கு. முன்னையதைப் பற்றி நாம் நிறையவே எழுதியிருக்கிறோம். பின்னையதை, "அது சிங்கள ஆக்கள்ட அரங்கு" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். அந்த அரங்கின் இசையில் நமக்கும் பாத்தியதை உண்டென்பது எனது கருத்து. அதை மறந்ததன் நட்டம் இன்றைய கல்லூரிக் கீதங்களில் கேட்கிறது.

டவர் ஹோலைப் புகழ்பெறச் செய்தது நூர்த்தி நாடகம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து வந்த பார்ஸி நாடகக் குழுக்களே அதற்கு வழிகாட்டின. அக்குழுக்கள் விரும்பி ஆடிய 'இந்தர் சபா'வை உருது மொழியில் எழுதியவர் லக்னோ கவிஞர் ஆகா ஹஸன் அமானத். சிங்கள அடையாளத்தை வற்புறுத்திய ஜோன் டி சில்வாவும் தமது 'சிறிசங்கபோ' (1903) நாடகத்துக்கு மெட்டமைக்க விஸ்வநாத் லவ்ஜி என்ற இந்திய இசைஞரையே நாடினார். லவ்ஜிக்குச் சிங்களம் தெரியாது. பாட்டின் கருத்தைக் கேட்டறிந்த பின்னரே அவர் இராகம் தேடினார்.

பின்னர் இசைத்தட்டுக் காலம் வந்தது. மெட்டமைத்தவர்களுள் முஹம்மத் கௌஸ் மாஸ்டர் முக்கியமானவர். சேலத்தில் பிறந்து 1930களில் கொழும்புக்கு வந்த முஹைதீன் பேக்கின் சிங்களப் பாடல்கள் வெசாக் காலத்தில் இன்றும் ஒலிக்கின்றன. இவர்கள் நம்மவர்கள். நமது பிள்ளைகளில் எத்தனை பேர் இவர்களை அறிவார்கள்?

இனி நமது மேடைக்கு வருவோம். மீலாத் விழாக்களிலும் தமிழ்த் தினப் போட்டிகளிலும் நமது மாணவர் பாடுவதைப் பல வருடங்களாகக் கேட்டு வருகிறேன். குரல் வளத்துக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பழகிய சினிமா மெட்டொன்றில் புதிய சொற்களைத் திணிப்பார்கள், இல்லாவிட்டால் நாகூர் ஹனிபாவை அவரது இழுப்போடும் கமகத்தோடும் அப்படியே பிரதி பண்ணுவார்கள். நெடில் குறுகும், குறில் நீளும், நடுவர் புள்ளி போடுவார். போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முந்தித்தான் ஒத்திகையே தொடங்கும். "கேட்டுப் படிச்சாப் போதுந்தானே, இதுக்கு என்னத்துக்கு மாஸ்டர்?" என்று ஒரு பொறுப்பாசிரியர் என்னிடமே கேட்டார்.

நமது பாடசாலைகள் பலவற்றில் அழகியற் பாடமென்றால் சித்திரந்தான். இசையைத் தவிர்ப்பதற்கு மார்க்க ரீதியான தயக்கம் ஒரு காரணம். அத்தயக்கத்தை நான் எள்ளவில்லை. வாத்தியம் பற்றி உலமாக்களிடையே கருத்து வேற்றுமை இருப்பதும் தெரியும். ஆனால் குரலைப் பயிற்றுவதில் யாருக்கு என்ன ஆட்சேபம்? கிராஅத் ஓதும் பிள்ளைக்கு மக்ரஜையும் மூச்சையும் வருடக்கணக்கில் கற்றுக் கொடுக்கிறோம். அதே பிள்ளை கீதம் பாட மேடை ஏறும்போது மாத்திரம் ஏன் கைவிடுகிறோம்? வாத்தியம் வேண்டாமென்றால் அதற்குரிய வழியும் நம்மிடமே இருக்கிறது. றபானும் பைத்தும் கோலாட்டப் பாடலும் கிழக்கிலங்கை நாட்டார் கவியும் போதாதா?

சொல்லின் கருத்தறிந்து அதற்கேற்ற மெட்டைத் தேடுவதுதான் லவ்ஜி காட்டிய வழி. இரவல் மெட்டில் பாடும் பிள்ளைக்குக் கைதட்டல் கிடைக்கும், பாட்டு நிலைக்காது.

1978இல் டவர் ஹோல் புதுப்பிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டது. அதற்கென ஒரு மன்றமும் சட்டப்படி நிறுவப்பட்டது. ஒரு சமூகம் தன் பாட்டைப் பேணுவது இப்படித்தான். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு கல்லூரியும் வருடத்துக்கு ஒரு சொந்தப் பாட்டு, சொந்த மெட்டில், முறையாகப் பழக்கி மேடையேற்றட்டும். அதை ஒலிப்பதிவு செய்து பெயரும் வருடமும் எழுதி வைக்கட்டும். பத்து வருடத்தில் நமக்கும் ஒரு கீதக் களஞ்சியம் இருக்கும்.