வானொலி இசையின் வகைப்பாட்டு நெறிகள்: மதிப்பு, நேயர், பொழுது

முன்னுரை

வானொலி நாடகமும் வானொலி உரையும் தமிழ் ஆய்வுலகில் இலக்கிய வகைகளாக ஓரளவு இடம்பெற்றுள்ளன. வானொலி நேரத்தின் பெரும்பகுதியை நிரப்பும் இசையோ, எந்த ஒழுங்கில், எந்தப் பெயரில், எவரைக் கருதி ஒலிபரப்பப்படுகிறது என்னும் நோக்கில் ஆராயப்பட்டது குறைவு. ஒரு நிலையம் எவ்வகை இசையை, எவ்வளவு, எப்பொழுது ஒலிபரப்பும் என்பதை முன்னரே வரையறுக்கும் திட்டத்தை ஒலிபரப்புத் துறையினர் ‘ஃபார்மட்’ என வழங்குவர். இக்கட்டுரை அதனை ‘இசையமைவு’ எனக் குறிக்கிறது. இசையமைவு என்பது அடிப்படையில் ஒரு வகைப்பாடு. வகைப்பாடு எதுவாயினும் அதற்கு ஓர் அளவுகோல் உண்டு. இந்திய வானொலியில் செயற்பட்ட அளவுகோல்கள் யாவை, அவை எதனை வளர்த்தன, எதனை விலக்கின என்பவற்றைத் திறனாய்வு நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மதிப்பு வழிப்பட்ட பகுப்பு

1936-இல் அகில இந்திய வானொலி எனப் பெயர் பெற்ற அரசு நிறுவனம், இசையைச் செவ்வியல் இசை, மெல்லிசை, நாட்டுப்புற இசை, பக்தி இசை, திரையிசை எனப் பகுத்தது. இப்பகுப்பு வெறும் வரிசை அன்று, ஒரு படிநிலை. செவ்வியல் இசை மேற்படியிலும் திரையிசை கீழ்ப்படியிலும் வைக்கப்பட்டன. கலைஞர்களும் குரல் தேர்வு வழியாகத் தரம் பிரிக்கப்பட்டனர்.

1952 முதல் 1962 வரை தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக விளங்கிய பா.வி. கேஸ்கர் காலத்தில் இப்படிநிலை உச்சம் பெற்றது. 1952-இல் இசைக்கான தேசிய நிகழ்ச்சி தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் திரைப்பாடல்களின் நேரம் குறைக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகும் எனக் கருதிப் பாடியவர் பெயர் மட்டுமே அறிவிக்கப்படும் நிலை ஏற்பட்டது. இதனை ஏற்காத படத் தயாரிப்பாளர்கள் ஒலிபரப்பு உரிமத்தைத் திரும்பப் பெற, திரைப்பாடல் அரசு வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தது. அதன் இடத்தை நிரப்பவே வானொலி தானே மெல்லிசைப் பாடல்களை உருவாக்கியது.

இப்பகுப்பின் பயனை மறுத்தல் இயலாது. செல்வர் மனைகளிலும் சபைகளிலும் ஒலித்த செவ்வியல் இசை, கட்டணமின்றிச் சிற்றூர் வரை சென்றது இதனாலேயே. ஆயின் மதிப்பினை அளவுகோலாகக் கொண்ட வகைப்பாடு, மதிப்பிடுவோரின் சாய்வுகளையும் தன்னுள் கொண்டே இயங்கும். 1940-இல் ஆர்மோனியம் வானொலியிலிருந்து விலக்கப்பட்டு, எழுபதுகளில் தொடங்கிப் படிப்படியாகவே மீண்டும் ஏற்கப்பட்டது. தனிவாழ்க்கை பழிக்கு உரியது எனக் கருதப்பட்ட கலைஞர்க்கு வாய்ப்பு மறுக்கும் ஆணை 1946-இல், சர்தார் படேல் இத்துறையை ஏற்றிருந்த காலத்தில், பிறப்பிக்கப்பட்டது. வழிவழியாக இசை பேணிவந்த பாடகியர் மரபினரே இதனால் பெரிதும் தாக்குண்டனர். இசையின் தரத்தை அளப்பதாகச் சொல்லப்பட்ட கோல் இசைப்போரின் பிறப்பையும் ஒழுக்கத்தையும் அளந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

கொழும்பிலிருந்து வந்த மாற்று

அரசு வானொலி விலக்கிய இசையை இலங்கை வானொலி ஏற்றுக்கொண்டது. 1952 டிசம்பரில் தொடங்கிய ‘பினாக்கா கீத்மாலா’, அமீன் சயானியின் குரலில் இந்திய நேயர்களை ஈர்த்தது. அந்நிலையத்தின் வர்த்தக ஒலிபரப்பில் எஸ்.பி. மயில்வாகனன் முதலிய அறிவிப்பாளர்களின் தமிழ் தென்னிந்தியா எங்கும் கேட்கப்பட்டது. ‘பொங்கும் பூம்புனல்’ போன்ற நிகழ்ச்சிப் பெயர்கள் தமிழ் நேயர் நினைவில் நிலைபெற்றன.

இதற்கு விடையாக 1957 அக்டோபர் 3 அன்று ‘விவித் பாரதி’ தொடங்கப்பட்டது. பத்தாண்டுகட்குப் பின், 1967-இல், விளம்பரமும் அதில் இடம்பெற்றது. விவித் பாரதியின் அமைப்பு கூர்ந்து காணத்தக்கது. காலையில் மறந்துபோன பழம்பாடல்களுக்கு ‘பூலே பிஸ்ரே கீத்’, இராகம் ஒன்றை விளக்கி அதனைச் சார்ந்த திரைப்பாடலையும் இணைத்துத் தரும் ‘சங்கீத் சரிதா’, படைவீரர்க்கு ‘ஜெய்மாலா’, இரவு அமைதிக்குச் ‘சாயா கீத்’ என அதன் நிரல் விரிந்தது. ஒரே அலைவரிசையில் பல்வகை இசையும் பொழுதுக்கு ஏற்ப அடுத்தடுத்து அமைந்தன. படிநிலை முற்றிலும் நீங்கிவிடவில்லை. எனினும் செவ்வியல் இசையும் திரையிசையும் ஒரே நிகழ்ச்சிக்குள் ஒன்றையொன்று விளக்கும் நிலை தோன்றியது.

நேயர் வழிப்பட்ட பகுப்பு

இக்காலத்திலேயே அமெரிக்காவில் வேறொரு நெறி உருவாயிற்று. தொலைக்காட்சி பரவியதால் நாடகத்தையும் தொடர்களையும் இழந்த வானொலி, இசைத்தட்டை நம்பியது. ஒமாஹா நகரின் கே.ஓ.டபிள்யூ.எச். நிலையத்தை 1949-இல் வாங்கிய டாட் ஸ்டார்ஸ், மக்கள் விரும்பும் சில பாடல்களையே திரும்பத் திரும்ப ஒலிபரப்பும் முறையை ஐம்பதுகளின் தொடக்கத்தில் வளர்த்தார். ‘முதல் நாற்பது’ என்னும் இவ்வமைவிலிருந்து சமகால வெற்றிப் பாடல்கள், முதிர்ந்தோர்க்கான சமகால இசை, பழைய பாடல்கள் எனப் பல அமைவுகள் கிளைத்தன. ‘முதிர்ந்தோர்க்கான’ என்னும் அடைமொழி இசையின் இயல்பைச் சுட்டவில்லை; கேட்போரின் அகவையைச் சுட்டுகிறது. இங்குப் பகுக்கப்படுவது இசையன்று, நேயர் கூட்டமே. விளம்பரதாரர்க்கு விற்கப்படுவதும் அக்கூட்டத்தின் கவனமே ஆதலின் இது தருக்கத்திற்கு உகந்ததே.

இந்நெறியின் கருவி ‘கடிகாரம்’ எனப்படும் மணிநேரத் திட்டம். ஒரு மணிநேரத்தை வட்டமாக வரைந்து, எந்த நிமிடத்தில் புதுப்பாடல், எங்கு விளம்பரம், எங்கு நிலையப் பெயர் என்று கூறிடுவர். எப்பாடல் எத்தனை மணிக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதைக் கணிப்பொறி நிரல் வகுக்கும். அறிவிப்பாளரின் தேர்வுரிமை இதனால் பெரிதும் சுருங்கியது.

இந்தியாவில் இந்நெறிக்கு வழி திறந்தது தனியார் பண்பலை. 1995-இல் உச்ச நீதிமன்றம் வானலைகள் பொதுமக்களின் சொத்து எனத் தீர்ப்பளித்தது. 1999-இல் முதற்கட்டக் கொள்கை வகுக்கப்பட்டு, 2001 ஜூலையில் பெங்களூரில் முதல் தனியார் பண்பலை நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. ஆண்டுதோறும் உயரும் உரிமக் கட்டணம் நிலையங்களை அழுத்தியமையால், 2005-இல் வருவாயில் 4 விழுக்காடு என்னும் அடிப்படையில் கட்டணம் மாற்றியமைக்கப்பட்டது. இந்நிலையங்கள் தாமே செய்தி தயாரித்து ஒலிபரப்ப இசைவு வழங்கப்படவில்லை. செய்தியின்றி இயங்க வேண்டிய நிலையங்களுக்குத் திரையிசையும் கலகலப்பான பேச்சுமே எஞ்சின.

ஒன்றுபோலும் நிலையங்கள்

நிலையங்கள் பெருகினால் இசைவகைகளும் பெருகும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. பொருளியலறிஞர் பீட்டர் ஸ்டெய்னர் 1952-இலேயே இதனை ஐயுற்று ஆராய்ந்தார். அவர்தம் கருத்தை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஒரு நகரில் நூறு நேயருள் 80 பேர் புதுத் திரைப்பாடலையும், 15 பேர் பழம்பாடலையும், 5 பேர் செவ்வியல் இசையையும் விரும்புவதாகக் கொள்வோம். நான்கு நிலையங்கள் புதுப்பாடலையே தந்தால் ஒவ்வொன்றுக்கும் 20 நேயர் கிடைப்பர். ஐந்தாவதாக வரும் புதிய உரிமையாளர், பழம்பாடலைத் தந்தால் 15 பேரையும், புதுப்பாடலைத் தந்தால் 16 பேரையும் பெறுவார். ஆதலின் அவரும் புதுப்பாடலையே நாடுவார். அந்த ஐந்தாம் நிலையத்தை, முன்னரே ஒரு நிலையம் வைத்திருப்பவர் தொடங்கினால் கணக்கு மாறுகிறது. இரண்டிலும் புதுப்பாடல் எனில் அவருக்கு மொத்தம் 32 பேர். ஒன்றில் பழம்பாடல் எனில் 35 பேர். தம் நேயரைத் தாமே பங்கிட்டுக்கொள்வதில் அவருக்கு ஆதாயம் இல்லை.

இந்திய நடைமுறையும் இதனோடு ஒத்துச் செல்கிறது. ஒரே நகரில் ஒருவரே ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசைகளை நடத்தலாம் என 2011-இன் மூன்றாம் கட்டக் கொள்கை வரம்புகளோடு இசைந்த பின்னரே, பழைய திரைப்பாடலுக்கெனத் தனி அலைவரிசைகள் பெருநகரங்களில் குறிப்பிடத்தக்க அளவில் தோன்றின. தில்லியில் 2016-இல் வந்த ‘ரேடியோ நஷா’ முன்னரே ‘ஃபீவர்’ நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் இரண்டாம் அலைவரிசையே.

இக்கணக்கில் அந்த ஐந்து பேரின் நிலை யாது? செவ்வியல் இசை நேயர் மட்டுமல்லர்; தாய்மொழி வழங்கும் மாநிலத்திற்கு வெளியே வாழும் மொழிச் சிறுபான்மையினரும் இவ்வெண்ணிக்கையுள் அடங்குவர். மும்பையிலோ தில்லியிலோ வாழும் தமிழ் நேயர், நேயர் வழிப்பட்ட பகுப்பில் என்றும் பின்வரிசையினரே. இந்தியாவில் இயங்கிய ‘வேர்ல்ட்ஸ்பேஸ்’ செயற்கைக்கோள் வானொலி, கருநாடக இசைக்குச் ‘ஸ்ருதி’, இந்துஸ்தானி இசைக்குக் ‘காந்தர்வ்’, தமிழுக்குக் ‘கே.எல். ரேடியோ’ எனத் தனித்தனி அலைவரிசைகள் அமைத்து, சந்தா பெற்று நாடெங்கும் ஒலித்தது. தாய் நிறுவனத்தின் நொடிப்பால் 2009 டிசம்பர் இறுதியில் அச்சேவை நின்றது. 2016 ஜனவரி 26 அன்று அரசு வானொலி தொடங்கிய ‘ராகம்’ என்னும் செவ்வியல் இசை அலைவரிசை, சந்தையின் கணக்குக்கு வெளியே நின்றே இயலக்கூடியதாயிற்று.

பொழுது என்னும் நெறி

மதிப்பு, நேயர் ஆகிய இரண்டு மட்டுமே அளவுகோல்கள் அல்ல என்பதைத் தமிழ் மரபு காட்டுகிறது. தொல்காப்பியம் யாழையும் பறையையும் கருப்பொருளுள் அடக்கி நிலத்தோடும் பொழுதோடும் இணைக்கிறது. தேவாரப் பண்களும் பகற்பண், இராப்பண், பொதுப்பண் எனப் பகுக்கப்பட்டுள்ளன. இப்பகுப்பில் ஒரு பண் மற்றொன்றினும் உயர்ந்தது என்னும் கருத்து இல்லை. இன்ன அகவையினர்க்கு உரியது என்பதும் இல்லை. பொழுது எல்லார்க்கும் பொது.

இந்நெறி ஏட்டளவில் நின்றதன்று என்பதற்குப் புறநானூற்றின் 149-ஆம் பாடல் சான்று. நள்ளியை வன்பரணர் பாடிய அப்பாடலில், அவன் கொடையால் வாழ்வு பெற்ற பாணர், காலைக்குரிய மருதத்தை மாலையிலும் மாலைக்குரிய செவ்வழியைக் காலையிலும் இசைத்து முறை மறந்தனர் எனக் கூறப்படுகிறது. முறை பிறழ்ந்ததைக் கேட்போர் உணர்வர் என்னும் நம்பிக்கை இருந்தாலன்றி இப்புகழ்ச்சிக்குப் பொருளில்லை. நேயரின் செவி பயின்ற செவி என்பது அப்புலவர்தம் முற்கோள்.

விவித் பாரதியும் இலங்கை வானொலியும் இச்செவியைத் தம் வழியில் மீண்டும் பயிற்றின. இலங்கை வானொலியின் காலை நேரப் பழைய இந்திப் பாடல் நிகழ்ச்சி நாள்தோறும் கே.எல். சைகலின் பாடலோடு முடிவது வழக்கம். அக்குரல் கேட்டு மணியறிந்தோர் பலர். பண்பலையும் பொழுதைக் கருதுகிறது. ஆனால் அதற்குக் காலை என்பது அலுவலகம் செல்வோரின் நெரிசல் நேரம். விளம்பரக் கட்டணம் மிகும் நேரம். அவ்வேளையில் கேட்ட பாடலே மாலை நெரிசலிலும் வரும். இங்குப் பொழுது விலையை மாற்றுகிறது, இசையை மாற்றுவதில்லை.

பெயர் சொல்லுதல்

தமிழாய்வாளர் தனியே கருதவேண்டிய இழப்பு ஒன்று உண்டு. படம், பாடலாசிரியர், இசையமைப்பாளர், பாடியோர் ஆகியோர் பெயர்களைப் பாடலுக்கு முன்னோ பின்னோ சொல்லும் வழக்கம் பிற்கால அரசு வானொலியிலும் இலங்கை வானொலியிலும் நிலைபெற்றிருந்தது. உடுமலை நாராயண கவியையும் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தையும் பாடலாசிரியர்களாக, எழுத்தறியாத நேயரும் அறிந்தமைக்கு இவ்வழக்கம் ஒரு காரணம். பாட்டு வேறு, நடிகர் வேறு, கவிஞர் வேறு என்னும் வேறுபாட்டை அது செவிவழியே கற்பித்தது.

தனியார் பண்பலையின் மணிநேரத் திட்டத்தில் இவ்வறிவிப்புக்கு இடம் சுருங்கிற்று. 1952-இல் படத்தின் பெயர் விளம்பரமாகிவிடும் என அஞ்சி விடப்பட்டது. இன்று ஆக்கியோர் பெயர்கள், விளம்பரத்திற்குரிய நொடிகளை உண்டுவிடும் என விடப்படுகின்றன. காரணங்கள் எதிரெதிரானவை, பாடல் தன் ஆக்கியோனை இழக்கும் விளைவில் ஒற்றுமை உண்டு. 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 31டி பிரிவு, சட்டவழி உரிமத்தின்கீழ் ஒலிபரப்பும் நிலையங்கள் படைப்பாளர், முதன்மைக் கலைஞர் பெயர்களை ஒலிபரப்போடு அறிவிக்க வேண்டும் என்கிறது. உரிமையாளரோடு நேரடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் நிலையத்தை அப்பிரிவு கட்டுப்படுத்தாது. எனினும் பெயர் சொல்லுதல் மரியாதை மட்டுமன்று, கடமை என்பதைச் சட்டமே ஏற்றுள்ளது.

நிறைவுரை

மதிப்பு வழிப்பட்ட பகுப்பு, நேயரைக் கற்கவேண்டியவராகக் கண்டது. அதனால் அவர்தம் விருப்பத்தைப் புறக்கணித்தது. நேயர் வழிப்பட்ட பகுப்பு அவ்விருப்பத்திற்கு மதிப்பளித்தது. பேச்சுமொழிக்கும் இடம் தந்தது. ஆயினும் நேயர் முன்னரே விரும்பியதைத் தவிர வேறொன்றையும் அவர் கேட்க வாய்ப்பளிக்கவில்லை. பொழுது வழிப்பட்ட நிரலில், ஒருவர் தாம் தேடாத இசையையும் எதிர்கொள்வர். பக்கத்து வீட்டாரின் விருப்பத்திற்கும் செவி கொடுப்பர். இதனை அரசு வானொலியின் பொற்காலத்தைப் போற்றும் ஏக்கமாகக் கொள்ளுதல் வேண்டா. அந்நிறுவனத்தின் விலக்குகள் மேலே சுட்டப்பட்டன.

பொழுது நெறி இன்றும் இயலக்கூடியதே. 2004-இல் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கிய சமுதாய வானொலியைத் தொடர்ந்து கல்வி நிறுவனங்கள் பல இத்தகைய நிலையங்களை நடத்துகின்றன. அவற்றுக்குப் பெருங்கூட்டத்தைத் திரட்டவேண்டிய நெருக்கடி இல்லை. தமிழ்த்துறைகள் அவற்றோடு இணைந்து பண்ணும் பாட்டும் திரையிசையும் அடுத்தடுத்து ஒலிக்கும் நிரல்களை வகுக்கலாம். ஒவ்வொரு பாடலுக்கும் ஆக்கியோர் பெயர் சொல்லும் வழக்கத்தை மீட்கலாம். பழைய நிகழ்ச்சிக் குறிப்பேடுகளும் அறிவிப்புச் சுவடிகளும் கிடைக்குமிடத்துத் தொகுக்கப்படின், இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் பாடல் எவ்வாறு கேட்கப்பட்டது என்னும் வரலாற்றை எழுதுவதற்கு அவை முதன்மைச் சான்றுகளாக அமையும்.